இசை நாற்காலியும் தலைவி நாற்காலியும்

மாதர் சங்கத்தைக் கேலி செய்வது தமிழ்ப் பத்திரிகைகளுக்கு வெகுநாள் பழக்கம். துணுக்குகளில் வரும் சங்கத் தலைவிக்குப் பருத்த உடல், பெரிய கைப்பை, மைக்கைக் கண்டால் அடங்காத ஆசை. அவள் வீட்டில் கணவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். 'இவள் ஏன் வீட்டில் இல்லை' என்ற எரிச்சலைத்தான் அந்தச் சிரிப்பு மூடிவைக்கிறது. நான் இங்கே சொல்வதை அந்தக் கேலியோடு சேர்த்துவிட வேண்டாம். பெண்கள் கூடிப் பாடுவதும் பஜ்ஜி தின்பதும் வம்பளப்பதும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஆண்களின் டீக்கடைப் பேச்சால் என்ன பயன் என்று யாராவது கணக்குக் கேட்கிறார்களா?

1917இல் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தோன்றியபோது அதன் கிளைகளிலும் தையல், எழுத்தறிவு, முதலுதவி வகுப்புகள்தான் நடந்தன. அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. அந்தச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்வதில் முன்நின்ற மார்கரெட் கசின்ஸ், சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1921இல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. சொத்துத் தகுதி குறுக்கே நின்றதால் மிகச் சிலருக்கே அது எட்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தைக்கக் கூடிய இடத்திலேயே மனு எழுதவும் முடிந்தது. ஊசி பிடித்த கை அதற்குத் தடையாக இருக்கவில்லை.

ஆகவே கோலப் போட்டி ஏன் என்று நான் கேட்கவில்லை. கோலப் போட்டி மட்டும் ஏன் என்று கேட்கிறேன். ஆலைக் குடியிருப்புகளிலும் அதிகாரிகள் குடியிருப்புகளிலும் நான் பார்த்த மகளிர் மன்றங்களின் ஆண்டு நிகழ்ச்சி ஏறக்குறைய ஒன்றேதான்: பொங்கலுக்குக் கோலம், நவராத்திரிக்குக் கொலு, மகளிர் தினத்துக்கு அடுப்பில்லாச் சமையல். முதல் பரிசு ஹாட்பேக், இரண்டாம் பரிசு எவர்சில்வர் டப்பா. அடுப்படியை விட்டு இரண்டு மணிநேரம் வெளியே வந்தவளை, அடுப்படித் திறமைக்கு மதிப்பெண் போட்டு, அடுப்படிப் பாத்திரத்தோடு திருப்பி அனுப்புகிறோம். இந்த வகையில் எனக்குப் பிடித்தது தம்போலாதான். எண்ணைக் கூப்பிட்டால் அடிக்க வேண்டும், அவ்வளவே. நல்ல மருமகளா என்று அந்தச் சீட்டு யாரையும் சோதிப்பதில்லை.

இதைவிடப் பெரிய சங்கடம் தலைவி நாற்காலி. நான் பார்த்த மன்றங்களில் அதற்குத் தேர்தல் கிடையாது. பொது மேலாளரின் மனைவி தலைவி, அடுத்த அதிகாரியின் மனைவி துணைத்தலைவி. மாற்றல் உத்தரவு கணவருக்கு வரும், பதவி மனைவிக்குப் போகும். அழைப்பிதழிலும் 'திருமதி'க்குப் பின்னால் கணவர் பெயரே. கூட்டத்தில் முதல் வரிசையில் யார், யார் யாரை 'மேடம்' என்று கூப்பிடுவது, யார் வீட்டுக் கொலுவுக்கு முதலில் போவது என்பதெல்லாம் அலுவலகத்தில் ஏற்கனவே முடிவாகிவிடுகிறது. இசை நாற்காலி விளையாட்டில்கூட தலைவிக்கு எதிரே ஓடுகிறவள் கொஞ்சம் மெதுவாக ஓடுவதைக் கண்டிருக்கிறேன்.

இதில் இழப்பு யாருக்கு? அப்படியொரு மன்றத்தில் ஒரு பெண் தன் வீட்டில் விழும் அடியைப் பற்றிச் சொல்ல முடியாது. அடிப்பவனின் மேலதிகாரியின் மனைவி அல்லவா தலைமை வகிக்கிறார்! சொன்னால் அவன் வேலைக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் இவள் உடம்புக்கு. பெண்கள் மட்டும் கூடும் இடம் என்பதாலேயே அது பெண்களின் இடமாகிவிடாது. எல்லோருக்கும் ஒரு வாக்கு, ஆண்டுக்கொரு தேர்தல், கணவர் பதவி எழுதாத உறுப்பினர் படிவம் என்று தொடங்கினால் கோலப்பொடியோடு வேறு சில பேச்சும் அந்த அறைக்குள் வர வழியுண்டு.

உறுப்பினர் படிவம் என்றதும் இன்னொருத்தி நினைவுக்கு வருகிறாள். கூட்டத்துக்கு முன்னால் கூடத்தைப் பெருக்கி, பின்னால் டம்ளர் கழுவுகிறவள். நான் புரட்டிய ஒரு கணக்கு நோட்டில் செலவுப் பக்கத்தில் மட்டும் இருந்தாள், 'ஆயாவுக்கு' என்று. அவளுக்கும் ஒரு தம்போலாச் சீட்டுக் கொடுக்கலாமே என்றேன். உறுப்பினர்களுக்கு மட்டும்தான் என்று விதி இருக்கிறதாம்.