கடைக்கு அனுப்பிய பிள்ளைகள்

யாழ்ப்பாணத் தீவுகளுள் ஒன்றான புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையை, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும் இடமாகவே இன்றைய யாத்திரிகர் அறிவர். ஆயினும், நன்னீரும் விளைநிலமும் அரிதான இத்தீவகத்திலிருந்து புறப்பட்டு, தென்னிலங்கைப் பட்டினங்களில் சுருட்டுக்கடையும் பலசரக்குக்கடையும் சைவச் சாப்பாட்டுக்கடையும் நடத்திய வணிகப் பரம்பரை, தன் தொழிலுக்கு ஆட்களைத் தயாரித்த முறை இன்றும் ஆராயத்தக்கது.

மாமன் முறையோ சித்தப்பன் முறையோ உடைய முதலாளி, ஊர்ப் பையனொருவனைத் தம் கடைக்கு அழைத்துச் செல்வார். விடியற்காலையில் பலகைக் கதவுகளை வரிசை பிசகாமல் கழற்றி அடுக்குவதும், பழைய தாளில் சரை சுற்றிச் சீனியும் பருப்பும் சிந்தாமல் மடிப்பதும், வாடிக்கைக்காரர் வாயிலிருந்தே சிங்களம் கற்பதும், கடன் கொப்பியில் எவர் பெயர் எவ்வளவு தாங்கும் என்று மட்டுக்கட்டுவதும் படிப்படியாக அவனுக்குக் கைவரும். காசு வாங்கும் லாச்சியில் அமர அனுமதி கிடைத்தால் நம்பிக்கை பிறந்துவிட்டதென்று பொருள். அதன்பின் பங்கு, காலம் கூடினால் தனிக்கடை. நைஜீரியாவின் இக்போ மக்களிடையிலும், ஆண்டுகள் சில உழைத்த சீடனுக்கு எசமானே மூலதனம் அளித்துத் தொழில் தொடங்கிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கையில் காசில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு இதனினும் சிறந்த வணிகக் கல்வியை எந்தக் கலாசாலையும் அளித்ததில்லை என்பதே என் அபிப்பிராயம்.

அக்கல்விக்கு அவன் கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. கடையிலேயே உறக்கமாதலால் வேலைக்கு நேரவரையறை இல்லாது போயிற்று. உறவினரிடம் சம்பளம் பேசுவது இழுக்கெனக் கருதப்பட்ட கடைகளில், ஊதியம் கைக்கு வராமல் முதலாளியின் பேரேட்டில் வரவாக ஏறிற்று. கணக்குக் கேட்டவன் நன்றி மறந்தவனானான். பங்கு எந்த வருஷம் கிடைக்கும் என்பது முதலாளியின் மனத்துக்கு மட்டுமே தெரிந்திருந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் தம் இனத்தாரையே நம்பியவர்கள்தாம். எனினும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆளனுப்புகையில், தவணை மூன்றாண்டு, சம்பளம் இவ்வளவு என்று முன்னதாகவே நிச்சயித்தார்கள். அந்த நிச்சயம் தீவகத்துக் கடைகளிலும் இருந்திருக்குமாயின், 1983 ஜூலை இனக்கலவரத்தில் கொழும்புத் தமிழர் கடைகள் தீக்கிரையானபோது, பேரேட்டோடு தன் உழைப்பும் சாம்பலாக, உரிமைக்கு ஆதாரமாக ஒரு துண்டுத் தாளுமின்றி ஊர் திரும்பும் கதி எந்தச் சிப்பந்திக்கும் நேர்ந்திராது.

இன்னொரு குறை இதனினும் ஆழமானது. உறவே வாசலான இடத்தில், உறவற்றவனுக்கு வாசலே இல்லை. 1971இல் எழுத்தாளர் மு. தளையசிங்கம் ஒடுக்கப்பட்டோரின் தண்ணீர் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்த அதே புங்குடுதீவில், கடைக்கு அழைக்கப்படும் பாக்கியமும் சாதி எல்லையைத் தாண்டுவது அரிதாகவே இருந்திருக்கும்.

லண்டனிலும் டொரன்டோவிலும் கடை நடத்தும் நம்மவர் இன்றும் ஊர்க்காரரையே வேலைக்கு நாடுகின்றனர். அதனைக் குற்றமென்று நான் கூறேன். ஆனால், ‘எங்கட பிள்ளைதானே, பிறகு பார்ப்பம்’ என்ற சொல்லை நம்பி எந்த இளைஞனும் வேலையில் இறங்கலாகாது. சம்பளம், வேலை நேரம், பங்குக்குரிய தவணை ஆகிய மூன்றையும் முதல் நாளிலேயே எழுதி, மாமனும் மருமகனும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுதத் தயங்கும் முதலாளியிடம், அவர் எத்துணை நெருங்கிய உறவினராயினும், மாதச் சம்பளத்தை மாதந்தோறும் கையிலேயே பெற்றுக்கொள்வது உத்தமம்.