அறிவித்தலின் மொழி

சிறுகதையை ஆராயும் கண்கொண்டு சுகாதார அறிவித்தல் ஒன்றை நாம் ஆராய்வதில்லை. உழைக்கும் மக்களின் உயிரோடு தொடர்புடைய எழுத்தாயினும், இலக்கியமன்று என ஒதுக்கிவிடுகிறோம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் நான் கண்ட சில அறிவித்தல்கள், இவை யாருக்காக எழுதப்பட்டன என்னும் வினாவையே எழுப்பின.

'நுளம்பு' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது வீட்டுச் சொல். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வருபவருக்கோ 'கொசு' என்றால்தான் விளங்கும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருவோருக்கு எழுத்தே அந்நியம். 'குருதிப் பூச்சுப் பரிசோதனை' என்பதோ, பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற எனக்கே நாவில் இடறுகின்றது!

இது வெறும் சொற்சண்டையன்று. உள்ளூரில் தொற்றிய மலேரியா இலங்கையில் 2012ஆம் ஆண்டோடு நின்றது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று வழங்கிற்று. ஆனால் 1963இல் பதினேழு பேரளவிற்குக் குறைந்திருந்த அதே நோய், 1967ஆம் ஆண்டின் பின் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. 2018 டிசம்பரில், இந்தியத் தொழிலாளி ஒருவரிடமிருந்து நுளம்பின் வழியாக உள்ளூர்வாசி ஒருவருக்கு நோய் பரவியமை மொனராகலை மாவட்டத்தில் கண்டறியப்பட்டது.

அத்தொழிலாளர் அறியவேண்டியது யாது? மலேரியாவின் ஒரு வகைக் கிருமி ஈரலிலே பதுங்கிக் கிடக்கும். காய்ச்சல் தணிந்து பல மாதங்கள் கழிந்தபின்னும் திரும்பி வரும். ஆகவே பிறிமாகுயின் மாத்திரையைப் பதினான்கு நாளும் விடாது உட்கொள்ளல் வேண்டும். எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பதை மருத்துவரிடம் தாமே கூறல் வேண்டும். இவ்விரு செய்திகளும் நான் கண்ட அறிவித்தல்களில் இல்லை. துப்புரவு பற்றிய உபதேசமோ ஏராளம்.

முன்னொரு காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த நம்மவரை மண்டபம் முகாமில் நாட்கணக்காகத் தடுத்துவைத்து, அம்மைப்பால் குத்தி அனுப்பினர். நோய் காவும் உடல்களாகவே அன்று அவர்கள் எண்ணப்பட்டனர். இன்றைய அறிவித்தலின் கட்டளைத் தொனியிலும் அப்பார்வையின் எச்சம் தெரிகின்றது.

அரசாங்க வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை இலவசந்தான். இழக்கும் நாட்கூலியை யார் தருவார்? "காய்ச்சல் கண்டதும் வைத்தியசாலைக்குச் செல்க" என்னும் வாக்கியத்தின் எழுவாய் தொழிலாளி மட்டுமல்லன். அவரைப் போகவிட வேண்டிய ஒப்பந்தக்காரருமாவார். அடுத்த அறிவித்தலை எழுதுவோர் முதல் வரியை அவருக்கு எழுதட்டும். எஞ்சியதை அச்சேற்றுமுன், தொழிலாளர் தங்கும் கொட்டகைகளில் அவரவர் மொழியிலே வாசித்துக் காட்டி, எது விளங்கவில்லை என்று கேட்கட்டும்.