முந்திக்கொண்ட அட்டை
லினக்ஸ் கணினியில் ஒலி எழாத காரணத்தைத் தேடும் பணிக்குத் தனிச் சுவை உண்டு. மானிட்டருக்கு ஒலி அனுப்பும் எச்டிஎம்ஐ அட்டையும் மதர்போர்டின் ஒலி அட்டையும் சேர்ந்திருக்கையில், ஒலிச் சாதனங்களை இயக்கும் அல்சா என்னும் மென்பொருள் அடுக்கு அவற்றுக்கு 0, 1 என எண்ணிடுகிறது. எச்டிஎம்ஐ அட்டை முந்திக்கொண்டு, இயல்பாக ஒலி போகும் 0 ஆகிவிட்டால், ஒலிபெருக்கியே இல்லாத மானிட்டருக்குப் பாட்டு போய்க்கொண்டிருக்கும். கைதேர்ந்தவர் எதையும் அவசரப்பட்டு மாற்றுவதில்லை. 'ஏபிளே' கட்டளை தரும் அட்டைப் பட்டியலை நிதானமாக வாசித்து, அல்சாமிக்சரின் பட்டைகளுக்கு அடியில் ஒலியடக்கத்தைக் குறிக்கும் 'எம்எம்' ஒளிந்திருக்கிறதா என்று நோக்கி, அதன் பிறகே எண்களை நிலைப்படுத்தும் ஒற்றை வரியை அமைப்புக் கோப்பில் எழுதுகிறார். அடுத்து, சோதனைக் கட்டளைக்கு இடமும் வலமுமாக மாறிமாறி எழும், ஓட்டின்மேல் விழும் மழை போன்ற சீரான இரைச்சல் இசையன்று. ஆயினும் காதுக்கு இனியதே.