கடைசிப் பக்கத்தின் இலக்கிய இடம்: சுஜாதாவின் கணையாழிக் குறிப்புகள்

முன்னுரை

தற்காலத் தமிழ் உரைநடை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறுகதை, புதினம் ஆகியவற்றையே மையமாகக் கொள்கின்றன. அன்றாட வாழ்வையும் தொழிலையும் வாசிப்பையும் பதிவுசெய்யும் சிறு குறிப்புகள் துணைச் சான்றுகளாகவே எடுத்தாளப்படுகின்றன. கணையாழி இதழின் கடைசிப் பக்கங்களில் சுஜாதா எழுதிய குறிப்புகளும் இந்நிலைக்கு உட்பட்டவையே. அவற்றைத் தனி வகைமையாகக் கொண்டு மதிப்பிட இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தில்லிச் சூழல்

நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் செய்தியாளராகத் தில்லியில் பணியாற்றிய கி. கஸ்தூரிரங்கன் 1965இல் அங்கிருந்து கணையாழியைத் தொடங்கினார். பணியின்பொருட்டுத் தலைநகரில் குடியேறிய தமிழர்களின் எழுத்துச் சூழல் அது. இந்திரா பார்த்தசாரதி தில்லிப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். ஆதவன் அரசுப் பணியில் இருந்தவர். எஸ். ரங்கராஜன் என்னும் சுஜாதா (1935–2008) குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் பயின்று, விமானப் போக்குவரத்துத் துறையில் சேர்ந்த பொறியாளர்.

ஆதவனின் ‘காகித மலர்கள்’ தில்லி நடுத்தர வர்க்கத்தின் போலிமைகளைப் புனைவாக்குகிறது. அங்குப் பாத்திரமும் கதைப்போக்கும் அனுபவத்தை ஒழுங்குபடுத்துகின்றன. கடைசிப் பக்கத்திற்கோ அத்தகைய ஒழுங்கு இல்லை. படித்த நூல், பார்த்த திரைப்படம், புதுக்கவிதை, அறிவியல் செய்தி, திருவரங்க நினைவு ஆகியன அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. இவற்றை இணைப்பது மாதந்தோறும் எழுதும் ஒருவரின் கவனம் மட்டுமே.

நாட்குறிப்பு மரபும் வேறுபாடும்

தமிழில் அன்றாடக் குறிப்புக்குப் பழைய முன்னோடி உண்டு. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆட்சியில் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். வணிகம், அலுவல், அரசியல், குடும்பம் ஆகியவை அதில் விரவிக் கிடக்கின்றன. பிள்ளையும் சுஜாதாவும் தாம் வகித்த பணியின் வழியாகவே உலகைக் கண்டவர்கள். எனினும் பிள்ளையின் குறிப்பு அச்சேறும் நோக்குடன் எழுதப்பட்டதன்று. சுஜாதாவின் குறிப்பு அடுத்த இதழிலேயே வாசகரைச் சேர்வது. அதனால் அது உரையாடலின் தன்மையைப் பெறுகிறது. கூடவே வாசகரை மகிழ்விக்க வேண்டிய நெருக்கடியையும் பெறுகிறது.

தொழிலும் நடையும்

சுஜாதா பின்னர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்காற்றினார். 1998இல் தில்லி, மத்தியப் பிரதேசம், இராசத்தான் சட்டமன்றத் தேர்தல்களில் 16 தொகுதிகளில் இவ்வெந்திரங்கள் பயன்பட்டன. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் பயன்பட்டன. எழுத்தறியாதவரும் சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் போதும் என்பதே அதன் அமைப்பு. உள்ளே இருக்கும் சிக்கல் பயன்படுத்துபவருக்குச் சுமையாகக் கூடாது என்னும் இந்நெறி அவருடைய உரைநடைக்கும் பொருந்தும். குறுகிய வாக்கியம், வழக்கிலுள்ள சொல், தேவைப்படும் இடத்தில் தயக்கமின்றி ஏற்கப்படும் ஆங்கிலச் சொல் ஆகியன அதன் கூறுகள். தொழில் இங்குப் பேசுபொருளாக வருவதைவிட, நோக்கும் முறையாக வெளிப்படுவதே மிகுதி எனலாம்.

வரம்புகள்

இக்குறிப்புகளை முழுமையாகப் போற்றுவதும் பொருந்தாது. ஒரு கவிதையை எடுத்துக்காட்டி, ஓரிரு தொடர்களில் பாராட்டி, அடுத்த செய்திக்கு நகர்வது அவரது வழக்கம். புதிய கவிஞர் பலர் வாசகரிடம் சென்று சேர இது உதவியது. ஆயின், அக்கவிதை ஏன் நன்று என்பதற்கான காரணம் பெரும்பாலும் சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது. புகழ்பெற்ற எழுத்தாளரின் சுவை காரணத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குறிப்பின் சுருக்கம் நடைக்கு வலிமை. திறனாய்வுக்கு அதுவே தடை.

முடிவுரை

1965 முதல் 1998 வரை, ஊரும் பணியும் மாறிய பின்னரும் இக்குறிப்புகள் தொடர்ந்தன. தலைநகர் அலுவலர் ஒருவர் எதைப் படித்தார், எதற்குச் சிரித்தார், எந்தச் சொல்லால் அறிவியலை விளக்கினார் என்பவற்றுக்கு இவை காலம் குறித்த சான்றுகள். இச்சான்றுகளைப் புனைகதையிலிருந்து இதே அளவில் பெற இயலாது. எனவே, இவற்றைச் சுஜாதாவின் புதினங்களுக்கு அடிக்குறிப்பாகக் கொள்ளாமல், எழுதிய காலம், செய்த பணி, எதிர்நோக்கிய வாசகர் ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு, வெளிவந்த இதழோடு சேர்த்துப் படிப்பதே தகும். இவ்வாறு படிக்கும்போது, பணியாளர் எழுத்து என்றொரு வகைமை ஆனந்தரங்கப் பிள்ளையிலிருந்து தமிழ் உரைநடை வரலாற்றில் தொடர்ந்து வருவது புலனாகும்.