திருச்சியில் விசுவாசம் பேசியவர்கள்

சுவார்ட்ஸ் ஐயர் 1762இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்தபோது ஊர் இன்னும் போரின் நினைவிலிருந்து மீளவில்லை. பத்தே ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபும் திருவரங்கம் கோயில் மதில்களுக்குள் முகாமிட்டிருந்து, 1752இல் தோற்றுச் சரணடைந்திருந்தார்கள். கோட்டைக்குள் கம்பெனிப் பட்டாளம் இருந்தது. ஆட்சி நவாப் முகமது அலியின் பெயரில் நடந்தது. இந்த ஊரில்தான், பிரஷ்யாவில் பிறந்து 1750இல் இந்தியாவுக்குக் கப்பலேறிய அந்த லுத்தரன் பாதிரியார், முன்பின் தெரியாத மனிதர்களிடம் தமிழில் கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்தார். பிராமணர், முஸ்லிம், வணிகர், சிப்பாய் என்று யார் நின்று கேட்டாலும் பேசினார். பேசியதை நாட்குறிப்பில் எழுதி, ஜெர்மனியிலுள்ள ஹாலே நகருக்கு அனுப்பினார்.

அதே வேலை இன்று கைபேசியில் நடக்கிறது. பாலக்கரையில் இருக்கும் ஓர் இளைஞர், திருவரங்கத்தில் இருக்கும் முகம் தெரியாத ஒருவருக்கு இயேசுவைப் பற்றி எழுதுகிறார். பதில் வருகிறது. பதிலுக்குப் பதில் சூடேறி, ஒருவர் தெய்வத்தை மற்றவர் இழித்துவிட்டுப் பிரிகிறார்கள். மரியாதையாகப் பேசக்கூடாதா என்று இரு பக்கத்துப் பெரியவர்களும் வருந்துகிறார்கள். மரியாதை வேண்டும்தான். ஆனால் காவிரிக்கரையில் முந்நூறு ஆண்டுகளாக நடந்துவரும் இந்தப் பேச்சை உற்றுப் பார்த்தால், குரல் தணிந்திருந்தும் பயன்படாமல் போன உரையாடல்கள் பல உண்டு. எதிரில் இருப்பவர் தன் நம்பிக்கையைத் தானே சொல்ல இடம் கிடைத்ததா, அவர் திருப்பிக் கேட்ட கேள்வி பேசியவரின் சொந்த வீட்டுக்குள் நுழைந்ததா என்று பார்த்தால்தான் தரம் தெரிகிறது.

சுவார்ட்ஸின் பலம் உழைப்பு. தமிழ் போதாதென்று, முஸ்லிம்களோடு பேசுவதற்காக இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். புராணக் கதைகளைப் படிக்கப் பல ஆண்டுகள் செலவிட்டார். கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது அநாதைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தினார். 1798இல் தஞ்சாவூரில் இறக்கும்வரை சொந்த நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவரோடு காலையில் வாதாடியவர் மாலையில் அவரைக் கடைத்தெருவில் பார்க்க முடியும். சொன்னபடி வாழ்கிறாரா என்று அளந்து பார்க்கவும் முடியும். வாதத்தின் எடை அதில்தான் இருந்தது.

குறையும் அங்கேயே இருந்தது. 1768 முதல் அவர் கம்பெனிப் படையின் பாதிரியாராகவும் இருந்தார். 1766இல் கோட்டைப் பகுதியில் எழுந்த கிறிஸ்து ஆலயம் பட்டாளத்தின் ஆதரவோடு எழுந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் நிறுத்திப் பேசும்போது தலையாட்டிய திருவரங்கத்துக்காரர் மனம் இசைந்து ஆட்டினாரா, துப்பாக்கியை நினைத்து ஆட்டினாரா? நாட்குறிப்பு இதைச் சொல்லாது. அதில் எதிர்வாதம் செய்தவரின் சொற்களும் பாதிரியாரின் பேனாவிலிருந்தே வருகின்றன; கடைசி வார்த்தை பெரும்பாலும் அவருடையது. சுவார்ட்ஸ் நேர்மையானவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கை மட்டும் எழுதிய உரையாடலை அப்படியே நம்பிவிட முடியாது.

இந்த ஓட்டையை அவருக்கு முன்பே ஓரளவு அடைத்தவர்கள் தரங்கம்பாடியில் இருந்தார்கள். லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழ் இந்துக்களுக்குக் கேள்விகளைக் கடிதமாக எழுதி, பதில்களை வாங்கினார்கள். மறுபிறவி, சாதி, திருமணம், வழிபாடு என எதையும் விடவில்லை. ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சான அந்த 99 கடிதங்களில் தமிழர்கள் கூசாமல் எழுதியிருக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் மாட்டிறைச்சி உண்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தம் பேணுவதில்லை. இப்படி வாழ்பவர்களின் வேதத்தை நாங்கள் ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வெளியிட்டவர்கள் மறுப்புக் குறிப்புகளைச் சேர்த்தார்கள். ஆனாலும் புகார் அச்சில் நின்றது. தன் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டைத் தானே பதிப்பித்த அந்தத் துணிவு பின்னால் வந்த கைப்பிரதிகளில் அரிது.

வேடிக்கை என்னவென்றால், மிகக் கடுமையான சொற்கள் அந்நியரை நோக்கிப் போகவில்லை. ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தேம்பாவணி பாடிய கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன்களை மறுத்து வேதவிளக்கம், பேதகமறுத்தல், லூத்தரினத்தியல்பு என்று அடுக்கடுக்காக எழுதினார். தேம்பாவணியின் கனிவை அந்த உரைநடையில் தேடிப் பயனில்லை. இன்றும் கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தே சபையாரும் மாதா வணக்கத்தைப் பற்றி யூடியூபில் மோதும்போது எழும் வெப்பம், ஒரு வைணவரோடு பேசும்போது எழுவதில்லை. நெருங்கிய பங்காளிச் சண்டையைப் பார்த்துத்தான் வெளியார் ஒரு மதத்தின் பண்பை எடைபோடுகிறார்கள் என்பதை இரு சபையாரும் மறந்துவிடுகிறார்கள்.

திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை வேறு வழியில் போனார். கத்தோலிக்கரான அவருக்கும் சைவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் இருந்த நட்பு தமிழ் இலக்கிய வரலாற்றின் அழகான பக்கங்களில் ஒன்று. மகாவித்துவான் அவர் மேல் குளத்துக் கோவை பாடினார். வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எந்த மதத்தவரும் தயங்காமல் பாடலாம். அதுவே அவற்றின் வெற்றி. விலையும் உண்டு: கிறிஸ்தவர் எதை நம்புகிறார், அது ஏன் மற்றவருடையதிலிருந்து வேறுபடுகிறது என்று அறிய விரும்பும் அந்நியருக்கு அந்தப் பாடல்கள் பெரிதாக எதையும் சொல்வதில்லை. சமரசம் நட்பைக் காத்தது, வேறுபாட்டைத் தொடவில்லை.

வேறுபாட்டை நேராகத் தொட்டுப் பார்த்த இடம் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில் இருக்கிறது. திருச்சி மறைமாவட்டத்தில் பணிபுரிய 1939இல் வந்த பிரெஞ்சுக் குரு ஜூல் மோன்ஷனேனும், துறவி ஹென்றி லெ சோவும் 1950இல் அங்கே சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஊர் அதைச் சாந்திவனம் என்று அறியும். காவி உடுத்தினார்கள், உபநிடதம் வாசித்தார்கள், தமிழில் பாடினார்கள். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். ரமணரைத் தரிசித்த அனுபவமும் அத்வைதமும் அவரை ஆழமாக அசைத்தன. அத்வைதத்தையும் கிறிஸ்தவத் திரித்துவத்தையும் அவ்வளவு எளிதில் பொருத்திவிட முடியுமா என்று மோன்ஷனேன் கடைசிவரை ஐயப்பட்டார். இருவரும் ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு இந்த முரணோடு வாழ்ந்தார்கள். சாந்திவனத்தின் ஆகப் பெரிய சாதனை இது. அடுத்தவர் நம்பிக்கை அவர்களுக்குப் பரப்புரைக்கான சரக்காக இல்லை. அவர்களையே உலுக்கும் கேள்வியாக இருந்தது.

1968இல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் பொறுப்பேற்ற பின் ஆசிரமத்தின் புகழ் உலகெங்கும் பரவியது. எதிர்ப்பும் கூடியது. சிலுவையில் ஓம் பொறிப்பதும் காவி கட்டுவதும் மதமாற்றத்துக்கான வேடம் என்று இந்து விமரிசகர்கள் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான சுவாமி தேவானந்தருக்கும் பீட்டுக்கும் 1987இல் நடந்த கடிதப் போரை சீதாராம் கோயல் மறு ஆண்டே நூலில் அச்சிட்டார். விமரிசகர்களின் தொனி கசப்பானது. ஆனால் அவர்கள் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு: ஓம் என்ற அடையாளத்துக்கு உரியவரைக் கேட்காமல் அதைச் சிலுவையில் சேர்க்க யார் அனுமதித்தது? பீட்டின் அன்பு உண்மையானதாக இருந்தாலும் இந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

வேறொரு திசையிலிருந்தும் விமரிசனம் வந்தது. 1980களில் எழுந்த தலித் இறையியல், இந்த உரையாடல் முழுக்க வேதாந்தத்தோடும் உயர்சாதிப் பண்பாட்டோடும் நடப்பதைச் சுட்டிக்காட்டியது. திருச்சிக்கு இது மிக நெருக்கமான வலி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மதம் மாறிய பிராமணர்களுக்கென்று தெப்பக்குளம் பக்கம் மேரிஸ் தோப்பு தனியாக அமைந்தது. மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலோ தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் நின்றது. கிறிஸ்துவில் எல்லோரும் ஒன்று என்று அந்நியரிடம் சொல்லும் திருச்சிக்காரர், அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்? பேச்சை மாற்றினால் அன்றோடு நம்பிக்கை போயிற்று. வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு, அதற்கு எதிராகச் சபைக்குள் போராடுகிறவர்களைப் பற்றியும் சொன்னால் உரையாடல் அங்கே தொடங்கும்.

எதிர்த்தரப்பை அதன் சொற்களிலேயே எடுத்துச் சொல்லிவிட்டு மறுக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. மணிமேகலை வஞ்சியில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கோட்பாட்டை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். திருவரங்கத்தில் இராமானுசரோடு யக்ஞமூர்த்தி பதினெட்டு நாள் வாதாடியதாகக் குருபரம்பரை சொல்கிறது. இன்று கிறிஸ்தவ நண்பர் பலர் திருவரங்கத்துக்காரரிடம் சிலை வழிபாட்டில் தொடங்குகிறார்கள். பெருமாள் சிலையிலேயே இறங்கி உறைகிறார் என்னும் அர்ச்சாவதாரக் கொள்கையைக் கேள்விப்படாமல் தொடங்கும் அந்தப் பேச்சு முதல் வரியிலேயே முடிந்துவிடுகிறது.

சரணாகதியில் தொடங்கினால் வேறு உலகம் திறக்கும். தாய்க்குரங்கைப் பற்றிக்கொள்ளும் குட்டிபோல அடியவரின் முயற்சியும் வேண்டுமா, தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டிபோல எல்லாம் அவன் அருளா என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். கிருபையா, நற்செயலா என்று லுத்தர் எழுப்பிய சர்ச்சைக்கு இது எவ்வளவு நெருக்கம்! ஜெர்மன் அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் இந்த ஒப்புமைக்காகவே ஒரு நூல் எழுதினார். இவ்வளவு அருகில் வந்த பிறகுதான், பல அவதாரங்களா, ஒரே ஒரு முறை மனிதனாதலா, பல பிறவியா, ஒரே வாழ்வா என்ற உண்மையான பிளவுகளை இருவரும் தெளிவாகக் காண்பார்கள். தென்கலை மரபின் ஊரில் வாழும் கிறிஸ்தவர் அந்த மரபின் ஆசாரியரான பிள்ளை உலகாசிரியரின் பெயரைக்கூட அறியாமல் இருப்பது பெரிய இழப்பு. மறுபக்கமும் அப்படியே. மலைப்பிரசங்கத்தை ஒருமுறையும் வாசிக்காமல் கிறிஸ்தவத்தை வெள்ளைக்காரன் மதம் என்று தள்ளுகிறவர்கள் ஊரில் ஏராளம்.

சட்டமும் ஓரமாக நிற்கிறது. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பிறரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கப்பட்டது. அந்த ஆண்டுகளின் அச்சம் இரு தரப்பிலும் இன்னும் வடியவில்லை. ‘இவர் என்னை மாற்றப் பார்க்கிறாரா?’ என்ற சந்தேகம் முதல் வணக்கத்திலேயே எட்டிப் பார்க்கிறது. விருப்பம் இருந்தால் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது, ஒளித்துவைப்பதைவிட எதிரில் இருப்பவருக்கு மரியாதை.

கைபேசிப் பேச்சால் ஒரு நல்லது நடந்திருக்கிறது. சுவார்ட்ஸ் காலத்துத் திருவரங்கத்துக்காரருக்கு இல்லாத சமநிலை இன்று இருவருக்கும் உண்டு. பின்னால் பட்டாளம் இல்லை, இரு கையும் எழுதுகிறது, பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். போனது மறுநாள் சந்திப்பு. பொய்ப்பெயரில் எழுதுகிறவர் வாழ்க்கையை யாரும் அளக்க முடியாது. பாலக்கரை இளைஞர் தன் பெயரையும் ஊரையும் சபையையும் சொல்லி, ‘உங்கள் பெருமாளைப் பற்றி நீங்களே சொல்லுங்கள், பிறகு நான் சொல்கிறேன்’ என்று எழுதினால் இழந்ததில் பாதியாவது திரும்பக் கிடைக்கும். அதற்கு அவர் மேலப்புதூர் பற்றிய கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டும்.