குதிரை முட்டையும் குழந்தைகளும்

வீரமாமுனிவர் என்றவுடன் நம்மவர் பெருமையோடு எடுத்துரைப்பவை தேம்பாவணியும் சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும். பரமார்த்த குருவின் கதையை இறுதியில், சற்றே கூச்சம் கலந்த புன்னகையோடு சேர்த்துக்கொள்வார்கள். ஆயினும் 1747-இல் மறைந்த அந்த இயேசு சபைத் துறவி எழுதியவற்றுள், பிள்ளைகள் தாமாக விரும்பி மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்பது அது ஒன்றே. காவியம் பாடிய புலவருக்கு இது குறைவாகாது.

அந்நூல் பிள்ளைகளுக்கென எழுதப்பட்டதும் அன்று. மேனாடுகளிலிருந்து வந்த குருக்கள் மக்கள் பேசும் தமிழைப் பழகிக்கொள்வதற்காக, இலத்தீன் மொழிபெயர்ப்போடு அமைந்த பயிற்சி நூல் அது. ஆசிரியர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பின், 1822-இல், பெஞ்சமின் பாபிங்டன் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேற்றினார். 1861-இல் அதே நகரில், ஆல்பிரட் குரோகுவில் வரைந்த 50 படங்களோடு ஓர் ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தது. மதுரை மிஷனில் பிறந்த கதைக்கு அயல்நாட்டார் ஐம்பது படம் வரைந்தனர். நாம் அதற்கு எத்தகைய படங்களைத் தந்திருக்கிறோம் என்பதே என் கேள்வி.

ஆற்றைக் கடந்த கதையை எடுத்துக்கொள்வோம். ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்றறியச் சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கிறான். அது சீறுகிறது; எல்லோரும் அஞ்சிப் பின்வாங்குகின்றனர். பிறகு அணைந்துபோன அதே கட்டையைத் தோய்க்க, ஓசை எழவில்லை. ஆறு உறங்கிவிட்டதென்று மெல்ல இறங்கிக் கடக்கின்றனர். அக்கரையில் தலைகளை எண்ணும்போது, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால், ஐவரே தேறுகின்றனர். குருவும் சீடர் ஐவருமாக அறுவர் இறங்கினோமே, ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதே என்று ஒப்பாரி எழுகிறது.

இவ்விடத்தில் ஓவியர் செய்ய வேண்டுவது ஒன்றுதான். கரையில் அறுவரையும் தெளிவாக வரைந்துவிட வேண்டும். எழுத்து ஐந்து என்கிறது. படம் ஆறு பேரைக் காட்டுகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகூட விரலை வைத்து எண்ணி, மீசை முளைத்த இந்த மனிதர்களுக்குத் தெரியாதது தனக்குத் தெரிகிறதே என்று துள்ளும். படக்கதையின் உயிர் இதுவே. கொமேனியஸ் 1658-இல் வெளியிட்ட புகழ்பெற்ற படப்பாட நூலில், பொருளும் அதன் பெயரும் கைகோத்து நின்றன. சொல்லும் படமும் ஒன்றையொன்று மறுத்து விளையாடலாம் என்பது பிற்காலத்தார் வளர்த்த கலை. வீரமாமுனிவர் கதை அதற்கு முன்னமே ஆயத்தமாய் நிற்கிறது.

கடைகளில் கிடைக்கும் சிறுவர் பதிப்புகள் பலவற்றில் நான் காண்பது வேறு. தொந்தியும் தலைப்பாகையுமாக ஒரு குரு. பல்லைக் காட்டும் ஐந்து பொம்மைகள். எழுத்து சொன்னதையே திருப்பிச் சொல்லும் படங்கள். போதாதென்று ஒவ்வொரு கதையின் கீழும் கட்டம் கட்டி ஒரு 'நீதி'. பிள்ளை சிரித்து முடிப்பதற்குள் பிரம்பு வந்துவிடுகிறது. ஏறத்தாழ 600-இல் மார்செய் ஆயர் செரேனுசு கோயில் படங்களை உடைத்தபோது, எழுத்தறியாதார் சுவரில் வாசிக்கட்டும் என்று கண்டித்து எழுதியவர் திருத்தந்தை பெரிய கிரகோரியார். படத்தை அவ்வளவு நம்பிய மரபில் வந்த நாம், நம் பிள்ளைகளின் கண்ணை நம்ப மறுக்கிறோம். நம் புனிதர் வரலாற்றுக் கையேடுகளுக்கும் இதே நோய் உண்டு. அது தனியே எழுத வேண்டியது.

தமிழில் சிறுவர் இலக்கியம் பெரிதும் செவிவழியே வளர்ந்தது. அழ. வள்ளியப்பா 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிய காலத்தில் பாட்டே அரசாண்டது. படமே பாதிக் கதையைச் சொல்லும் நூல்கள் தமிழில் ஊன்றியது பின்னர்தான்; 1996-இல் சென்னையில் தோன்றிய தூலிகா போன்ற பதிப்பகங்களுக்கு அதில் பங்குண்டு.

இனி, குதிரை. மேலூரை அடுத்த திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற வாதவூரர் அப்பணத்தைக் கோயில் திருப்பணியில் செலவிட்டதும், நரிகள் பரிகளாகி மதுரை புகுந்து, இரவில் மீண்டும் நரிகளாகி ஊளையிட்டதும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாதவை. குதிரை இம்மண்ணில் எளிதாகக் கிடைத்த விலங்கன்று. பாண்டியர் கடல்வழியே பெரும்பொருள் கொடுத்து வாங்கியதை 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். குடியானவனுக்கு வாய்த்தது புரவி எடுப்பில் சுமந்துவரும் மண்குதிரை. வீரமாமுனிவர் இதைக் கூர்ந்து கண்டவர் என்றே நினைக்கிறேன். அவருடைய சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கி, அது விழுந்து உடைகையில் புதரிலிருந்து ஓடிய முயலைக் குட்டிக் குதிரை என்று துரத்துகின்றனர். பிறிதோரிடத்தில், மண்குதிரையின் நிழல் நீரில் அசைவதைக் கண்டு, அரிவாளைத் தூண்டிலாக்கிக் குதிரை பிடிக்க முயல்கின்றனர். மேலே கரையில் மண்குதிரை, கீழே நீரில் அசையும் குதிரை, நடுவே அரிவாள். கண்மாய்க்கரையில் வளரும் பிள்ளைக்கு இதைவிட அணுக்கமான படம் உண்டா? பனையும் கண்மாயும் வயலும் தெரிந்த ஓவியர் வரைய வேண்டியது இது. நம் புத்தகங்களிலோ எங்குமில்லாத புல்வெளி.

ஓர் இடர் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கதையை எழுதியவர் கிறிஸ்தவ மறைபரப்பாளர். நகைப்புக்குள்ளாகிறவர் மடத்துக் குரு. பிற சமயத்தாரை எள்ளவே எழுதினார் என்று சொல்வாருண்டு. அக்கருத்து முற்றும் ஆதாரமற்றதென நான் வாதிட மாட்டேன். குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு உருகிய அடியாரின் ஊரில், குரு என்னும் சொல்லுக்கு உள்ள எடை நமக்குத் தெரியும். திருநீற்றையும் உருத்திராக்கத்தையும் பரமார்த்தர் மேல் அள்ளிப் பூசி வரையும் படம், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் புண்படுத்தும். நம் பிள்ளைக்கோ மிகத் தவறான ஒன்றைக் கற்றுக்கொடுக்கும். தன் மேய்ப்பரிடம் கேள்வி கேட்கத் துணியாத ஐவரும், அவர்களை நம்பிக் கெடும் ஒரு முதியவரும் எந்தச் சமயத்திலும் இருப்பார்கள். நம் பங்குகளிலும் இருப்பார்கள். ஓவியர் அந்த முகங்களை வரையட்டும்.

குரு குதிரையிலிருந்து விழும் இடத்தைப் பாருங்கள். விழுந்தால் எடுக்க வேண்டியவற்றின் பட்டியலில் குருவின் பெயர் இல்லையென்று சீடர்கள் அவரை எடுக்க மறுக்கின்றனர். கிடந்தபடியே அவர் தம்மைப் பட்டியலில் எழுதிக் கொடுக்கிறார். அலுவலகம் எதற்காவது விண்ணப்பம் கொண்டு நடந்த தந்தையர் இதைப் படித்துக் காட்டும்போது பிள்ளையைவிட உரக்கச் சிரிப்பார்கள்.

சிறுவர் பதிப்புகள் வெட்டிவிடும் கடைசிப் பகுதியைப் பற்றி ஒரு சொல். அங்கே சீடரின் மூடத்தனமே குருவின் உயிரை வாங்கிவிடுகிறது. பிள்ளைகள் அஞ்சுவார்கள் என்பது பதிப்பாளர் வாதம். தெருவில் சாவு விழுந்தால் வாசலில் நின்று பார்க்கும் பிள்ளைகள் நம்முடையவர்கள். அந்தப் பக்கத்தையும் தாங்குவார்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால், மாட்டின் நிழலுக்கு வாடகை கேட்ட வழக்கைச் சிறிது சுருக்கலாம். அது சற்று நீளமே.