44 பிரிவுகளும் ஒரு ஜெராக்ஸ் கடையும்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. மொத்தம் 44 பிரிவுகள், கடைசியில் அபராதத் தொகைகள் போட்ட ஒரு அட்டவணை. ஒரு சாயங்காலத்தில் படித்து முடித்துவிடலாம். இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே 250 கோடி ரூபாய் அபராதம் என்பதுதான் முதலில் வரும். நான் சட்டம் படித்தவன் இல்லை, சாஃப்ட்வேர்க்காரன். ஒரு டாகுமெண்ட்டைக் கையில் கொடுத்தால் இதில் யாருக்கு என்ன பெர்மிஷன் என்று பார்க்கிற புத்தி. இதையும் அப்படித்தான் படித்தேன்.

முதலில் பிடித்த விஷயம். சட்டம் முழுக்க தனிநபரை 'அவள்' என்றே சொல்கிறார்கள். ஆணோ பெண்ணோ, யாராக இருந்தாலும் அவள்தான். நம்ம சட்டங்களில் இது புதுசு. சரி, இந்த 'அவளை' ஆழ்வார்திருநகரிக்குக் கூட்டி வந்து பார்ப்போம்.

எங்க ஊரில் அவளுடைய தரவு முதலில் போய்ச் சேரும் இடம் கூகுளோ ஃபேஸ்புக்கோ இல்லை, ஜெராக்ஸ் கடை. ஆதார் பிடிஎஃப்-ஐக் கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவாள். பாஸ்வேர்டு? பேரின் முதல் நாலு இங்கிலீஷ் எழுத்து, பொறந்த வருஷம். பேரைப் பார்த்துக்கொண்டு வருஷத்தை மட்டும் சத்தமாகக் கேட்பார் கடைக்காரர், அவள் சொல்வாள், வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். பூட்டைத் திறக்கிற இரண்டு விவரமும் அந்தக் கார்டுக்குள்ளேயே அச்சடித்திருப்பவைதான் என்பது வேறு கதை. பிரிண்ட் வந்துவிடும். ஃபைல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அடுத்த வருஷமும் கிடக்கும்.

கண்ணாடியில் வைத்து எடுத்த பேப்பர் நகல் மட்டும் என்றால் சட்டத்துக்கு அதில் வேலை இல்லை. டிஜிட்டலாக வாங்கினது, பேப்பரில் வாங்கிப் பிறகு டிஜிட்டல் ஆக்கினது, இந்த இரண்டுக்கு மட்டும்தான் என்கிறது பிரிவு 3. வாட்ஸ்அப்பில் வந்தது உள்ளே வரும். வேலை முடிந்தால் அழிக்க வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் வருகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள். பீரோவின் அடித்தட்டில் இருந்த பத்திரம், ரேஷன் கார்டு, மார்க் ஷீட் எல்லாம் சேறு. அப்போது எத்தனையோ பேருக்குக் கையில் மிஞ்சியது யாரோ ஒருத்தர் போனில் அழிக்காமல் கிடந்த படம்தான். எங்க பெரியம்மா ஒருத்தருக்குப் பட்டா நகல், மாடியில் இருந்ததால் தப்பித்த ஒரு கடையின் கம்ப்யூட்டரிலிருந்து கிடைத்தது. அதனால 'உடனே அழி' என்று சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டம் எழுதியவர்கள் மனசில் இருந்தது ஒரு ஆப், அதன் வாடிக்கையாளர், அவ்வளவுதான் என்று தோன்றுகிறது.

அரசு என்று வந்துவிட்டால் கதையே வேறு. பிரிவு 7-இல் ஒரு உதாரணம் போட்டிருக்கிறார்கள்: ஒரு கர்ப்பிணி அரசின் மகப்பேறு உதவிக்காக ஆப்பிலோ இணையதளத்திலோ பதிகிறாள், விவரங்களைத் தரச் சம்மதிக்கிறாள். அந்தச் சம்மதத்தை வைத்தே அவளுக்கு வேறு எந்த உதவிக்குத் தகுதி என்றும் அரசு பார்த்துக்கொள்ளலாம். கேட்க நல்லதாகத்தான் இருக்கு. ஆனால் நம்ம ஊரில் அந்தச் 'சம்மதம்' எப்படி வருகிறது? முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு பிக்மி நம்பர் வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். மாட்டேன் என்று சொல்ல வழியில்லாத இடத்தில் சம்மதம் என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? இதற்கும் மேலே பிரிவு 17: நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்பையும் சட்டத்திலிருந்தே விலக்கி அறிவிக்கலாம். 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது அரசுக்கு எதிராக வந்த வழக்கில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இரண்டு இடத்தில்.

ஒன்று, பணம். உங்கள் தரவைக் கோட்டை விட்ட நிறுவனம் கட்டுகிற அபராதம் முழுக்க இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். அவளுக்கு ஒரு பைசா கிடையாது. கவனக்குறைவான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. அதே சமயம் பொய்ப் புகார், அற்பப் புகார் கொடுத்தால் அவளுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். இதை எழுதினவர் ஒரு தடவையாவது ஓடிபி மோசடியில் பணம் விட்டவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாரா?

இரண்டாவது, தேதி. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. உங்களைப் பாதுகாக்கிற பிரிவுகள் நடைமுறைக்கு வருவது 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றுகிற 44(3) அன்றைக்கே அமலுக்கு வந்துவிட்டது. முன்பு தனிநபர் தகவலை மறுக்க வேண்டுமானால், அதற்குப் பொது வேலையோடு தொடர்பில்லை, பொதுநலன் இல்லை என்றெல்லாம் அதிகாரி பார்க்க வேண்டும். இப்போது 'தனிநபர் தகவல்' என்ற ஒரு வார்த்தை போதும். பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்கிற 8(2) அப்படியே இருக்கிறதே என்பது அரசின் பதில். இருக்கிறதுதான். ஆனால் அதை எடுத்துப் பார்க்கிற தகவல் அலுவலர் எத்தனை பேர்? வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் எங்க தெருவில் யாருக்கு வந்தது, யார் விடுபட்டார்கள் என்று இன்றைக்குப் பட்டியல் கேட்டால், பயனாளிகளின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று பதில் எழுத வழி இருக்கிறது.

அதுவரைக்கும் நாம் என்ன செய்வது? கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை டவுன்லோட் செய்து கொடுங்கள். 2022 மே 27-இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம் இதைத்தான் சொன்னது. மே 29-இல், தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று அறிவிப்பையே திரும்பப் பெற்றார்கள். அறிவுரைதான் போனது, வசதி இருக்கிறது. கைரேகையையும் பூட்டி வைக்கலாம். பாஸ்வேர்டு மாதிரி அதை மாற்ற முடியாது, அதனால் இதை முதலில் செய்யுங்கள்.

அப்புறம், கடையில் நிற்கும்போதே வாய்விட்டுக் கேளுங்கள். "அண்ணாச்சி, பிரிண்ட் எடுத்தாச்சுன்னா அத அழிச்சிருங்க." நான் முதல் தடவை சொன்னபோது எங்க அண்ணாச்சி ஒரு மாதிரி பார்த்தார். இப்போதெல்லாம் அவரே ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டி அழிக்கிறார். போன வாரம் மட்டும் ஒன்று கேட்டார்: "ஆதார அழிச்சுட்டேன் தம்பி. பத்திரம் கெடக்கட்டுமா? மறுபடி தண்ணி வந்தா?"